அரக்கு திரும்பி வந்த வழி

நம் வீட்டுக் கூடத்தில் பாட்டியார் மிதித்துத் தைத்த சிங்கர் தையல் இயந்திரம் ஒன்று உண்டு. வார்ப்பிரும்புக் கால்கள் உறுதியாக நிற்கின்றன. மேசைப் பலகைதான் மங்கிவிட்டது. ஈரக் குவளை வைத்த இடங்களில் வெண்வளையங்கள் படிந்துள்ளன. அதைப் புதுப்பிக்க எண்ணித் தச்சரை அழைத்தோம். “முழுசா இழைச்சுட்டு பி.யு. அடிச்சிரலாம் சார். கண்ணாடி மாதிரி இருக்கும்” என்றார். எந்தப் பூச்சு என்னும் அச்சிறு வினா நம்மை நெடியதொரு வரலாற்றுக்குள் இட்டுச் சென்றது.

ஐசக் சிங்கர் தம் இயந்திரத்துக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற ஆண்டு 1851. 1885இல் ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் நகரில் அந்நிறுவனத்தின் பெருந்தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. இயந்திர எதிர்ப்பாளராக அறியப்பட்ட காந்தியடிகளே 1924இல் தையல் இயந்திரத்துக்கு விலக்களித்துப் பேசினார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. இல்லத்துள் புகுந்த முதல் இயந்திரங்களுள் ஒன்று என்பதால், அது வீட்டுத் தளவாடம்போல் அழகாக இருக்க வேண்டியிருந்தது. ஆகவேதான் அம்மேசைக்கு மெல்லிய ஒட்டுப்பலகையும் இழுப்பறைகளும் மெருகும் அமைந்தன.

அக்கால மரத் தளவாடங்களின் மெருகுக்குப் பெரிதும் பயன்பட்டது அவலரக்கு. சாராவியில் அதைக் கரைத்து, பஞ்சுப் பொதியால் மெல்லிய படலங்களாகத் தேய்த்தேற்றும் முறை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் பரவியது. நம் தச்சர்களும் அதனைப் ‘பிரெஞ்சு பாலிஷ்’ என்றே வழங்குகின்றனர்.

பெயர் பிரெஞ்சாயினும் பொருள் நம்முடையது. புரசு, இலந்தை முதலிய மரக்கிளைகளில் அரக்குப் பூச்சிகள் சுரந்து மூடும் பிசின் அது. கிளையோடு கிடைப்பது கொம்பரக்கு. அதை இடித்து, செஞ்சாயம் போகக் கழுவி, நீண்ட துணிப்பையிலிட்டு நெருப்பின் முன் உருக்கிப் பிழிந்து, தகடாக இழுத்து நொறுக்கினால் அவல்போன்ற சில்லுகளாகும்; ‘அவலரக்கு’ என்னும் பெயர்ப்பொருத்தம் வியப்பூட்டுகிறது. சோட்டா நாகபுரிக் காடுகளில் விளைந்த அரக்கு கல்கத்தாத் துறைமுகம் வழியே கடல் கடந்தது. 1924இல் ராஞ்சியை அடுத்த நாம்குமில் அரக்கு ஆராய்ச்சி நிலையமே தோன்றியது. பாரதத்தின் அரக்கு மாளிகையை அறிந்த நமக்கு அப்பொருளின் குணம் புதிதன்று; அது வெப்பத்துக்கு இளகும், தீக்கு இரையாகும்.

நம் மேசையில் இருப்பது எதுவென அறிய, பின்விளிம்பின் மறைவான ஓரிடத்தில் ஸ்பிரிட் தோய்த்த பஞ்சை ஒற்றினோம். மெருகு இளகிப் பிசுபிசுத்தது. அரக்குதான். 1920களில் பரவிய நைட்ரோசெல்லுலோஸ் பூச்சாக இருந்திருப்பின் தின்னரே அதை நன்கு கரைக்கும். பாலியூரித்தேன் இரண்டுக்கும் எளிதில் இளகாது. தொழிற்சாலை பூசியதோ, பின்னாளில் உள்ளூர்த் தச்சர் ஒருவர் பூசியதோ, பாட்டியார் கை பதிந்தது அந்த அரக்கின் மேல்தான்.

பாலியூரித்தேன் நீருக்கும் சூட்டுக்கும் நன்கு தாங்கும், அதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அதை அடிக்க முதலில் பழைய மெருகை இழைத்து நீக்க வேண்டும். ஒட்டுப்பலகையோ மிக மெல்லியது. சற்றே மிகுதியாக இழைத்தாலும் அடிமரம் தெரிந்துவிடும். பின்னாளில் யாரேனும் அப்பூச்சை நீக்க விரும்பினாலும் அதே இடர்தான். அரக்கு அவ்வாறன்று. புதிய படலம் பழையதைச் சிறிது கரைத்து அதனோடு ஒன்றிவிடும். வேண்டாதபோது ஸ்பிரிட்டால் நீக்கவும் இயலும். நமக்குப் பின் வருவோர் நம் பிழையைத் திருத்தும் வழியை அது அடைத்துவிடுவதில்லை.

ஆகவே அழுக்கை மட்டும் துடைத்து, நீர்த்த அவலரக்குக் கரைசலைப் பல நாட்கள் படலம் படலமாக ஏற்றுவதென முடிவு செய்தோம். தச்சரும் இசைந்தார். ஒன்றை மட்டும் நண்பர்கள் மறவாதிருக்க வேண்டும்: இயந்திரத்தின் கரிய உடலில் ஸ்பிரிட் படலாகாது. அங்குள்ள பொன்னிறச் சித்திரங்களைக் காக்கும் மேற்பூச்சும் பெரும்பாலும் அரக்கே. ஒரு துடைப்பில் சித்திரமும் போய்விடக்கூடும்.

வெண்வளையங்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. துணி உரசி உரசித் தேய்ந்த முன்விளிம்பை மட்டும் நிரப்பாமல் விட்டிருக்கிறோம். அது பாட்டியார் அமர்ந்த பக்கம்.