மேஸ்திரி நோட்டில் பேர் இல்லை

சென்னை ரிப்பன் கட்டிடம் 1913-இல் திறக்கப்பட்டது. யார் பேரை வைத்தார்கள் என்பது தெரியும்: வைஸ்ராய் ரிப்பன். ஒப்பந்தம் எடுத்தவர் பேரும் தெரியும்: லோகநாத முதலியார். அதற்குச் செங்கல் சுமந்த ஒருத்தர் பேர்கூட நமக்குத் தெரியாது. இதை யாரும் ஒரு குறையாக நினைப்பதும் இல்லை. கட்டிடக் கலை வரலாறு என்ற பேரில் இங்கே எழுதப்படுவது பெரும்பாலும் கட்டச் சொன்னவர்களின் வரலாறுதான்.

எங்க அம்மா சித்தாள். திருவண்ணாமலைப் பக்கத்துச் சேரியிலிருந்து பட்டணத்துக்கு வந்து இருபது வருசத்துக்கு மேல் கல்லும் மண்ணும் சுமந்தது. நான் படித்ததும் இன்றைக்கு எழுதுவதும் அந்தத் தலைச்சுமைக் காசில்தான். ஒரு கட்டிடத்தைத் தாண்டிப் போகும்போது "இது நீ கட்டுனதாம்மா"ன்னு கேட்டா, "நான் எங்கடா கட்டுனேன், ஓனரு கட்டுனாரு. நான் சும்மா வேலைக்குப் போனேன்" என்று சொல்லும். அந்தச் 'சும்மா' எப்படி வந்தது என்பதுதான் என் கேள்வி. பொறியாளரைக் கேட்டால் இந்தத் தொழிலை மேலேயிருந்து விளக்குவார். நான் கீழேயிருந்து சொல்கிறேன்.

இடத்துக்காரர் பில்டரிடம் கொடுப்பார். பில்டர் ஒப்பந்தக்காரரிடம் கொடுப்பார். அவர் சென்ட்ரிங் ஒருத்தருக்கு, கம்பி கட்டுவது ஒருத்தருக்கு, பூச்சு வேலை ஒருத்தருக்கு என்று சதுர அடிக் கணக்கில் பிரித்துவிடுவார். அதை எடுத்தவர் மேஸ்திரியைப் பிடிப்பார். மேஸ்திரிதான் ஆள் பிடிப்பவர். அவருக்குக் கீழே கொத்தனார், கொத்தனாருக்குக் கீழே பெரியாள், எல்லோருக்கும் கீழே சித்தாள். பில் பாஸாகும்போது ஒரு பங்கை மேலே பிடித்து வைத்துக்கொள்வார்கள், வேலை முடிந்து குறையில்லை என்றால்தான் அது கிடைக்கும். அந்தத் தாமதத்தை ஒவ்வொருத்தரும் தனக்குக் கீழே இருப்பவர் தலையில் இறக்குவார்கள். கடைசியில் சனிக்கிழமை சாயங்காலம், "பில்லு இன்னும் வரலை, பாதி வாங்கிக்க" என்று சித்தாளிடம் வந்து நிற்கும். சித்தாளுக்குக் கீழே இறக்கி வைக்க யாரும் இல்லை. வீட்டில் பிள்ளைகள்தான் இருக்கிறோம்.

மேஸ்திரி என்பது தமிழ்ச் சொல் இல்லை. போர்த்துக்கீசியர் மொழியில் ஆசான், தலைவன் என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. வெள்ளைக்காரன் இங்கே கோட்டையும் ரோடும் ரயிலும் போட்டபோது கூலிகளிடம் நேராகப் பேசவில்லை. நடுவில் ஒரு ஆளை வைத்தான். அந்த நடு ஆள் முன்பணம் கொடுத்துச் சேரிகளிலிருந்து ஆட்களைக் கட்டிக்கொண்டு வந்தான். தேயிலைத் தோட்டத்தில் கங்காணி செய்ததைக் கட்டுவேலையில் மேஸ்திரி செய்தான். வெள்ளைக்காரன் போய்விட்டான். மேஸ்திரி முறை போகவில்லை.

பக்கிங்காம் கால்வாயைப் பாருங்கள். சென்னை நகருக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கிற பகுதி 1877-78இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. பஞ்சத்தில் முதலில் விழுந்தவர்கள் நிலமில்லாத கூலிகள், அதாவது பெரும்பகுதி நம் சனங்கள். அந்த நாளில் ரிச்சர்ட் டெம்பிள் என்கிற அதிகாரி நிவாரணக் கூலியைக் குறைத்து, ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவு, அதோடு கொஞ்சம் சில்லறை என்று நிர்ணயம் செய்தார். மண் வெட்டுகிறவனுக்கு இது போதாது என்று சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். பசியோடு வெட்டியவர்கள் பேர் எங்கேயும் இல்லை. கால்வாய்க்குக் கவர்னர் பக்கிங்காம் பேரை வைத்தார்கள்.

கூலி வேலைதானே, இதில் சாதி எங்கே வந்தது என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். செங்கல் சூளையில் குடும்பத்தோடு முன்பணத்துக்குக் கட்டுப்பட்டுக் கிடப்பவர்கள் யார்? தலித்துகளும் இருளரும். கொத்தடிமை முறையை 1976-இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். அதற்குப் பிறகும் சூளைகளிலிருந்து ஆட்களை மீட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வானம் தோண்டுவது, ஜல்லி உடைப்பது, சுமப்பது எல்லாம் நமக்கு. நிலை வைக்கிற அன்றைக்குப் பூசை, வேட்டி துண்டு, தட்சணை எல்லாம் வேறு ஆட்களுக்கு. பூசை அறைக்குச் சாந்து சுமந்த அம்மா, கிரகப்பிரவேசம் முடிந்து பாக்கிக் கூலி கேட்கப் போனால் வாசல்படியோடு சரி. தண்ணி கேட்டால் கொல்லைப்பக்கம் வரச் சொல்லுவார்கள். அந்தச் சுவரில் அதன் கை படாத கல் ஒன்று இல்லை.

பெண் என்றால் இன்னொரு படி கீழே. பெரியாளாக வருகிற பையன் ரெண்டு வருசத்தில் கரண்டி பிடிக்கக் கற்றுக் கொத்தனார் ஆகிவிடுவான். சித்தாள் கடைசி வரைக்கும் சித்தாள்தான். ரசமட்டம் பார்க்கவும் தூக்குக் குண்டு விடவும் அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். கொத்தனார் பீடி பிடிக்கப் போனால் அதுதான் வரி பார்த்துக் கல் வைக்கும். கூலி மட்டும் சித்தாள் கூலி. 1993-இல் கொத்தனாருக்கு எண்பது ரூபாய் என்றால் அம்மாவுக்கு முப்பத்தஞ்சு. சம வேலைக்குச் சம ஊதியம் என்ற சட்டம் அப்போதே பதினேழு வருசப் பழசு.

1998-இல் மூணாவது மாடியில் சாரத்துப் பலகை சறுக்கி அம்மா விழுந்தது. இடுப்பெலும்பு போச்சு. மேஸ்திரி அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்து ரெண்டாயிரம் ரூபாய் கையில் கொடுத்துவிட்டுப் போனவர் போனவர்தான். நான் ஒப்பந்தக்காரரிடம் போனேன். "இந்தப் பேர்ல எங்ககிட்ட யாருமே வேலை செய்யலியே தம்பி" என்றார். எப்படியோ மேஸ்திரியின் நோட்டைப் பார்த்துவிட்டேன். விழுந்த தேதிக்கு நேராக எழுதியிருந்தது: கொ 4, பெ 3, சி 6. அவ்வளவுதான். அந்த ஆறில் ஒன்று எங்க அம்மா.

தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் 1923-லேயே வந்துவிட்டது. கீழ் ஒப்பந்தக்காரன் வைத்த ஆளுக்கும் மேலே இருக்கிற முதலாளி பொறுப்பு என்று அந்தச் சட்டம் சொல்லியது. ஆனால் வேலை செய்ததை யார் நிரூபிப்பது? அடுக்கு அடுக்காக ஆட்களை வைப்பது வேலைப் பிரிவினைக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். பொறுப்பைக் கைகழுவுவதற்கும் அதுதான் வழி.

சங்கங்கள் போராடித்தான் சிலது கிடைத்தது. தமிழ்நாட்டில் 1982-இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம், 1994-இல் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம். 1996-இல் மத்தியச் சட்டம் வந்தது, கட்டுமானச் செலவில் ஒரு சதவீதத்துக்குக் குறையாமல் வரி பிடித்துத் தொழிலாளிக்குச் செலவிடச் சொன்னது. ஆனால் பதிவு செய்ய, முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 90 நாள் வேலை செய்ததைக் காட்ட வேண்டும். வாரத்துக்கு ஒரு மேஸ்திரியிடம் போகிறவளுக்கு யார் கையெழுத்துப் போடுவார்கள்? ஐம்பது பெண்களுக்கு மேல் இருந்தால் பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது சட்டம். ஒரே கட்டிடத்துப் பெண்கள் நாலு மேஸ்திரி கணக்கில் பிரிந்து நின்றார்கள். என் தம்பி சேலைத் தூளியில் வளர்ந்தான். வசூலித்த பணம் தொழிலாளிக்குப் போய்ச் சேரவில்லை என்று உச்ச நீதிமன்றமே 2018-இல் வருத்தப்பட்டது. பிறகு 2019, 2020-இல் நிறைவேறிய தொகுப்புச் சட்டங்களுக்குள் இந்தச் சட்டங்களை அடக்கிவிட்டார்கள்.

இன்றைக்குக் கலவை லாரியில் வருகிறது, கல்லை லிஃப்ட் தூக்குகிறது. சுமை குறைந்தது நல்லதுதான். ஆனால் சுமையோடு சேர்த்துப் பெண்ணின் வேலையையும் எந்திரம் எடுத்துக்கொண்டது, கரண்டியை மட்டும் அவள் கையில் யாரும் கொடுக்கவில்லை. ஒடிசா, பீகார், வங்காளத்திலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். "வடக்கத்தியான் வேலையைப் பிடுங்கிட்டான்" என்று நம்ம ஆளுங்களே பேசுகிறார்கள். 2014 ஜூன் 28, சனிக்கிழமை சாயங்காலம் மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினோரு மாடி சரிந்தது. 61 பேர் செத்தார்கள். ஆந்திராவும் ஒடிசாவும் தமிழ்நாடும் ஒரே இடிபாட்டுக்குள் கிடந்தன. உள்ளே எத்தனை பேர் என்று சரியாகச் சொல்ல ஆளில்லை. கொ இத்தனை, பெ இத்தனை, சி இத்தனை.

1942-இல் அம்பேத்கர் வைஸ்ராயிடம் கொடுத்த மனுவில் அரசுப் பொதுப்பணி ஒப்பந்தங்களிலும் தாழ்த்தப்பட்டோருக்குப் பங்கு கேட்டார். சுமக்கிற இடத்தில் மட்டும் நம்மை நிறுத்தினால் போதாது என்று அன்றைக்கே அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒப்பந்தத்தில் பங்கு, பெண் கையில் கரண்டி, நோட்டில் பேர், இந்த மூன்றையும் நாம் கேட்க வேண்டும். முதலில் கடைசியைக் கேட்போம். அது இல்லாமல் நஷ்டஈடும் இல்லை, பென்சனும் இல்லை, வரலாறும் இல்லை.

அம்மா இப்போது குச்சி ஊன்றித்தான் நடக்கிறது. போன மாசம் பஸ்ஸில் போகும்போது அந்த மூணு மாடி வீட்டைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அந்தப் படிக்கட்டு ஓரம் வரி கோணலா இருக்குது பாரு. நான் அன்னைக்கே சொன்னேன், கொத்தனாரு கேக்கல" என்றது.