மூங்கில் நட்சத்திரமும் ஒரு காகித முடிச்சும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் படியுங்கள், மற்றவர்கள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு வாருங்கள்.

டிசம்பர் பிறந்ததும் எங்கள் வீட்டு வாசலில் ஒரு நட்சத்திரம் தொங்கும். "சார், மதம் மாறிட்டீங்களா?" என்று தேவாரம் கடைவீதியில் கேட்காத ஆள் கிடையாது. மாறவில்லை. நான் கணக்கு வாத்தியார். அது என் கணக்குப் பாடத்தில் பாக்கி நிற்கும் ஒரு கடன். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் வரலாறு.

பைபிளில் மத்தேயு இரண்டாம் அதிகாரத்தில்தான் அந்த நட்சத்திரம் வருகிறது. அதற்கு எத்தனை முனை என்று அவர் சொல்லவில்லை. அதேபோல குடிலில் நாம் பார்க்கும் மாடும் கழுதையும் பிறப்புக் கதையிலேயே இல்லை. லூக்கா சொல்வது குழந்தையைக் கிடத்திய தீவனத் தொட்டியை மட்டும்தான். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அதற்கு 'முன்னணை' என்று அழகான சொல். நம் பக்கத்தில் காடி என்போம். 1223இல் இத்தாலியில் கிரேச்சோ என்ற மலையூரில் அசிசி நகர் பிரான்சிஸ் ஒரு குகையில் வைக்கோல் பரப்பிய தொட்டியை வைத்து, நிஜ மாட்டையும் நிஜ கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தி வழிபாடு நடத்தினார். அந்தப் பிறப்பைக் கண்ணால் காண வேண்டும் என்பது அவர் எண்ணம். குடில் கட்டும் வழக்கம் ஊர் ஊராகப் பரவ அது பெரிய காரணம்.

நம் பக்கத்துக் குடில் தனி அழகு. சாக்கைச் செம்மண் குழம்பில் முக்கிக் காயவைத்தால் விறைத்துக்கொண்டு பாறையாகிவிடும். தட்டில் கேழ்வரகைத் தெளித்து இருட்டில் வைத்தால் பத்தே நாளில் புல்வெளி. உடைந்த கண்ணாடித் துண்டு குளம். மலையிலிருந்து வருகிறவர்கள் மரத்துப் பாசியை உரித்துக்கொண்டு வருவார்கள். ஊசியிலை மரத்துக்குப் பதில் சவுக்குக் கிளை. எதற்கும் காசில்லை.

நட்சத்திரத்துக்கு வருகிறேன். காகித நட்சத்திரங்களில் உலகப் புகழ் பெற்றது ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் நட்சத்திரம். அது பிறந்தது தேவாலயத்தில் இல்லை, வகுப்பறையில்! 1830களில் நீஸ்கி என்ற ஊரில் மொராவியச் சபையார் நடத்திய விடுதிப் பள்ளியில், வடிவியல் பாடத்துக்காகச் செய்யவைத்தது அது. 18 சதுரமும் 8 முக்கோணமும் சேர்ந்து 26 முகம் கொண்ட ஒரு திண்மம். தொங்கவிட ஒரு சதுரத்தை விட்டுவிட்டு, மிச்சம் 25 முகத்திலும் ஒவ்வொரு கூம்பை ஒட்டினால் நட்சத்திரம். அந்த நாட்டுக் கணக்கு வாத்தியார்களை நினைத்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். பிறகு அந்த நூற்றாண்டின் இறுதியில் அந்தப் பள்ளிகளில் படித்த வெர்பேக் குடும்பத்தார் அதைச் செய்து விற்க ஆரம்பித்தார்கள்.

இதில் என் மனதில் நின்றது வேறு ஒன்று. அந்த விடுதிகளில் படித்த பிள்ளைகள் பலரின் அப்பா அம்மா கடல் தாண்டி எங்கோ ஊழியத்தில் இருந்தவர்கள். பண்டிகைக்குப் பெற்றோர் வரமாட்டார்கள். பிள்ளைகள் காகிதத்தை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

இதே மொராவியர்கள் 1760இல் நம் தரங்கம்பாடிக்கு வந்து தோட்டம் போட்டுக் குடியிருந்தவர்கள். 'அப்படியானால் அவர்கள்தான் நட்சத்திரத்தைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள்' என்று யாராவது வாட்ஸப்பில் அனுப்பினால் நம்பாதீர்கள். 19ஆம் நூற்றாண்டு தொடங்கிய கையோடு அவர்கள் தரங்கம்பாடியை விட்டுப் போய்விட்டார்கள். நட்சத்திரம் பிறந்ததே அதற்குப் பிறகு. தரங்கம்பாடி நமக்குத் தந்தது காகிதத்தை. 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு அச்சகம் வைத்தார், காகிதம் போதாமல் பக்கத்துப் பொறையாறில் காகிதம் செய்யும் பட்டறையும் தொடங்கினார். அந்த இடத்துக்கு இன்றும் கடுதாசிப்பட்டறை என்றே பேர்.

நம் மதுரைச் சீமைக்கு 1834இல் வந்த அமெரிக்க மிஷன்காரர்களின் கதை இன்னும் வேடிக்கை. அவர்களின் தலைமையிடம் பாஸ்டன். அந்த மாசசூசெட்ஸ் பகுதியில்தான் 1659இல் கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம் என்று சட்டம் போட்டிருந்தார்கள்! 1681இல் சட்டத்தை எடுத்தும், அங்கே அரசு விடுமுறை ஆனது 1856இல்தான். அதாவது மதுரைக்குக் கப்பலேறியவர்களின் சொந்த ஊரில் அன்று கிறிஸ்துமஸ் சாதாரண வேலைநாள். அலங்காரத்தை அவர்கள்தான் மூட்டை கட்டிக்கொண்டு வந்தார்கள் என்று சொல்ல மனம் வரவில்லை.

நாம் கட்டும் ஐந்து முனை மூங்கில் நட்சத்திரத்துக்கு நிஜமான சொந்தங்கள் கிழக்கே இருக்கின்றன. பிலிப்பைன்ஸில் 'பரோல்' என்கிறார்கள். அதே மூங்கில், அதே மெல்லிய தாள், உள்ளே விளக்கு. இலங்கையில் வெசாக் பண்டிகைக்குக் கட்டும் கூடும் அதே குடும்பம்தான். மூங்கிலும் காற்றாடித் தாளும் பசையும் கிடைக்கிற ஊரில் மனிதன் விளக்குக்கு வீடு கட்டாமல் இருக்கமாட்டான் போல.

எங்கள் ஊருக்கு நட்சத்திரம் வந்தது நான் பார்த்தவரை மலையிலிருந்து. 1940, 50களில் திருவிதாங்கூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவ விவசாயிகள் உடும்பன்சோலை, நெடுங்கண்டம் பகுதியில் குடியேறினார்கள். 1956இல் மாநிலம் பிரித்தபோது மலைமேல் கேரளம், அடிவாரம் நாம் என்றானது. கோடு போட்டதால் ஏலக்காய் பறிக்கும் கை மாறிவிடுமா? தேவாரம், கோம்பை, போடி ஆட்கள்தான் போனார்கள், இன்றும் விடியுமுன் ஜீப்பில் போகிறார்கள். டிசம்பரில் அந்த மலை வீடுகளில் தொங்கியதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் இங்கே கட்டிப் பார்த்தார்கள்.

இனி அந்தக் கடன்.

1986 டிசம்பர், அரையாண்டுத் தேர்வு சமயம். நான் அப்போது வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம், வெறப்பான ஆள். எட்டாம் வகுப்பில் ஒரு பையன் வீட்டுக்கணக்கு நோட்டை நீட்டினான். பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கிடந்தது, விரலெல்லாம் மைதாப் பசை. கணக்கும் போடவில்லை. எல்லார் முன்னாலும் "நீ சுவரொட்டி ஒட்டத்தான் லாயக்கு" என்று சொல்லி வெளியே நிறுத்தினேன். அழவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

சாயங்காலம் அவன் தெரு வழியாக சைக்கிளில் வந்தேன். ஓட்டு வீடு, கரண்டு கிடையாது. திண்ணையில் அவன் அப்பத்தா. "வாங்க சார், அவென் அப்பனும் ஆத்தாளும் காய் எடுக்க மேல கெடக்காக. பண்டிகைக்கு மொத நா ராத்திரிதான் எறங்குவாக. இருட்டுல வீடு தெரியணும்னு இத வச்சுக்கிட்டு மல்லுக்கட்டுறான்" என்றார். ஆவணியிலிருந்து தை வரை காய் எடுப்பு. வாரக்கணக்கில் லயத்திலேயே தங்கிவிடுவார்கள்.

தரையில் பத்து மூங்கில் குச்சி. ஒவ்வொன்றும் மூன்றடி. ஐந்து குச்சியில் ஒரு நட்சத்திரம், அப்படி இரண்டு கட்டி, ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டி, நடுவில் ஐந்து சிறு குச்சிகளை முட்டுக் கொடுத்தால் இரண்டும் உப்பிக்கொண்டு நிற்கும். செய்வது யாருக்கும் தெரியும். ஆனால் குச்சிகள் சரியான இடத்தில் குறுக்கிடாவிட்டால் நட்சத்திரம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு கோணிவிடும். அவனுடையது கோணவில்லை. முனைக்கு முனை 36 பாகை. கோணமானி இல்லாமல் கரும்பலகையில் ஒழுங்கு ஐங்கோணம் போட எனக்கே வராது.

"எப்படிடா அளந்த?"

பயந்துகொண்டே காட்டினான். பழைய செய்தித்தாளை எட்டு அங்குல அகலத்தில் வெட்டி, ஆறடி நீளத்துக்கு ஒட்டி வைத்திருந்தான். அந்த நாடாவில் சாதாரணமாக ஒரு முடிச்சுப் போட்டு, மெதுவாக இழுத்து, தட்டையாக அழுத்தினான். நடுவில் ஒழுங்கான ஐங்கோணம்! பனையோலையில் பிள்ளைகள் விளையாட்டாகப் போடும் அதே முடிச்சு. அதைத் தரையில் வைத்து, ஐந்து பக்கத்தின் மேலும் ஐந்து குச்சியை நீட்டி வைத்துக் கட்டினால் தீர்ந்தது. வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எட்டு அங்குல நாடாவில் ஐங்கோணத்தின் பக்கம் ஏறக்குறைய எட்டரை வரும். பக்கம் எட்டரை என்றால் குச்சி மூன்றடி வரவேண்டும். அப்படியே வந்தது.

அங்கேயே "தப்பா பேசிட்டேன்டா" என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "பசையில மயில்துத்தம் ஒரு சிட்டிகை போடு, பூச்சி அரிக்காது" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வகுப்பில் எல்லார் முன்னாலும் சொல்லிக்கொள்ளலாம், ஜனவரியில் அவனையே மேடையில் நிறுத்தி முடிச்சுப் போடச் சொல்லலாம் என்று திட்டம்.

ஜனவரியில் அவன் வரவில்லை. பண்டிகை முடிந்து மலையேறிய அப்பா அம்மாவோடு அவனும் ஏறிவிட்டான். ஆள் விட்டுக் கேட்டேன். "பிள்ளைக்குப் படிப்பு ஏறலையாம்" என்று பதில் வந்தது. ஏறவில்லை என்று அவனுக்குச் சொன்னது யார்?

அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு வருஷமும் ஐங்கோணப் பாடத்தைக் காகித முடிச்சிலிருந்துதான் தொடங்கினேன். என்னிடம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். அந்த முடிச்சு யார் சொல்லிக்கொடுத்தது என்று மட்டும் உங்களிடம் சொன்னதில்லை.

இப்போது கடைகளில் பிளாஸ்டிக் நட்சத்திரம், எல்இடி விளக்கோடு, மடக்கினால் பையில் வைத்துக்கொள்ளலாம். குறை சொல்லமாட்டேன். மெழுகுவத்தி வைத்த நட்சத்திரங்கள் கூரையோடு எரிந்த காலத்தையும் பார்த்தவன்தான். ஆனாலும் நான் மூங்கிலில்தான் கட்டுகிறேன். இந்த வருஷம் பேத்தி கூட உட்கார்ந்தாள். முதல் முடிச்சை இழுத்த வேகத்தில் தாள் கிழிந்துவிட்டது, மறுபடி ஒட்டிக் காயவைத்திருக்கிறோம். அந்தப் பையனுக்கு இப்போது ஐம்பது வயது கடந்திருக்கும். பூப்பாறைப் பக்கம் ஜீப் ஓட்டுவதாக ஒருவர் சொன்னார். சாயங்காலம் ஆட்களை இறக்கிவிட வரும் ஜீப்புகள் எங்கள் தெரு முனையில்தான் திரும்பும். வாசலில் நாற்பது வாட் பல்பு போட்டுத்தான் வைத்திருக்கிறேன்.