சோல்டரிங் அயன் வாங்கும் முன் கொஞ்சம் வரலாறு



என்னிடம் பத்தாம் வகுப்பு படித்து இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்ட ஒரு மாணவர் போன வாரம் கேட்டார்: "சார், வீட்டு ரிமோட், எமர்ஜென்சி லைட்டெல்லாம் நானே சரி பண்ணலாம்னு பார்க்கிறேன். கடைக்காரர் 25 வாட் அயனும் காட்டுறார், 100 வாட்டும் காட்டுறார். எதை வாங்க?" வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் வரலாறாகத்தான் பதில் வரும். ஆனால் இந்த வரலாறு தெரிந்தால் காசும் மிச்சம், போர்டும் பிழைக்கும்.

உலோகத்தை உலோகத்தோடு பற்றவைப்பது பழைய தொழில். கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய அறிஞர் பிளினி, தண்ணீர்க் குழாய்களை ஒட்ட இரண்டு பங்கு காரீயமும் ஒரு பங்கு வெள்ளீயமும் கலந்ததைப் பயன்படுத்தினார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். இன்று கடையில் கிடைக்கும் 60/40 ஈயக்கம்பியும் அதே இரண்டு உலோகம்தான். வெள்ளீயம் 60, காரீயம் 40 என்று அளவு மட்டும் மாறியிருக்கிறது.

நம் ஊரிலும் இது புதிதல்ல. பொற்கொல்லர் 'பற்றாசு' என்பார். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூச வருபவரை உங்களில் மூத்தவர்கள் பார்த்திருப்பீர்கள். பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, பஞ்சால் ஈயத்தைத் தேய்ப்பார். நவச்சாரம் எதற்கு? உலோகத்தின் மேல் படிந்த களிம்பை நீக்க. அது போனால்தான் ஈயம் பிடிக்கும். எலக்ட்ரானிக்ஸில் அந்த வேலையைச் செய்வது பைன் மரப் பிசினிலிருந்து வரும் ரோசின். நல்ல ஈயக்கம்பியின் நடுவிலேயே அது இருக்கும். தகர வேலைக்கான அமிலத்தைப் போர்டில் தடவாதீர்கள். நாளடைவில் செம்பை அரித்துவிடும்.

அந்தக் காலத்து அயன், இரும்புக் கம்பியின் நுனியில் ஒரு செம்புக் கட்டி, அவ்வளவுதான். கரியடுப்பில் காய்ச்சி எடுத்து, ஆறுவதற்குள் வேலையை முடிக்க வேண்டும். 1921-இல் பெர்லினில் எர்ன்ஸ்ட் சாக்ஸ் 'எர்சா' நிறுவனத்தைத் தொடங்கி, மின்சார அயனைத் தொழிற்சாலைகளுக்காகப் பெருமளவில் தயாரித்தார். வால்வு ரேடியோ காலத்து வேலை அது: கனத்த கம்பிகள், தகரச் சேசிஸ், அதற்கேற்ற பெரிய அயன். அது காய நேரம் பிடித்தது. காத்திருந்து அலுத்துப்போன அமெரிக்க ரேடியோ மெக்கானிக் கார்ல் வெல்லர், சில நொடிகளில் காயும் துப்பாக்கி வடிவ அயனுக்கு 1946-இல் காப்புரிமை பெற்றார்.

மறு ஆண்டே, 1947-இல், டிரான்சிஸ்டர் பிறந்தது. அதன் பிறகு கம்பிகள் மறைந்து அச்சிட்ட போர்டு வந்தது. அதில் செம்புத் தடத்தின் கனம் பெரும்பாலும் 35 மைக்ரான். தலைமுடியின் பருமன்கூட இல்லை. சூடு மிஞ்சினால் தடம் உரிந்து கையோடு வந்துவிடும். அப்படித்தான் 25 வாட் பேனா அயன் வீட்டுக்குள் வந்தது.

சூட்டைக் கட்டுப்படுத்தவும் வழி தேடினார்கள். குறிப்பிட்ட சூட்டில் இரும்பு போன்ற உலோகங்கள் காந்தத்தால் ஈர்க்கப்படும் குணத்தை இழப்பதை பியர் கியூரி 1895-லேயே ஆராய்ந்திருந்தார். அதையே சுவிட்சாக்கி, சூடு ஏறியதும் தானே மின்சாரத்தை நிறுத்தும் அயனை வெல்லர் நிறுவனம் செய்தது. இன்று அந்த வேலையை மின்னணுச் சுற்றே செய்கிறது.

கடைசித் திருப்பம் 2006 ஜூலை 1. மின்னணுப் பொருட்களில் காரீயத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. ஏற்றுமதிக்காகச் செய்த பொருட்களெல்லாம் மாறின. பழைய ஈயம் 183 டிகிரியில் உருகத் தொடங்கும். பரவலாகப் பயன்படும் காரீயமில்லாத கலவைக்கு 217 டிகிரி வேண்டும். புதுப் பொருளில் சாதா 25 வாட் அயன் சில சமயம் திணறுவது இதனால்தான்.

ஆகவே தம்பி, என் பதில் இது. பழைய ரேடியோ, ரிமோட், சின்னக் கம்பி ஒட்டுவது மட்டும் என்றால் 25 வாட் போதும். புதுப் பொருட்களும் பார்ப்பாய் என்றால், சூட்டை அமைக்கும் வசதியுள்ள 60 வாட் அயன் வாங்கி 350 டிகிரியில் வை. வாட் என்பது சூட்டின் அளவு அல்ல. இழந்த சூட்டை எவ்வளவு விரைவாக ஈடுகட்டும் என்பதே. 100 வாட் துப்பாக்கி போர்டுக்கு வேண்டாம்.

கூடவே ரோசின் உள்ள 0.8 மி.மீ. ஈயக்கம்பி, ஸ்டாண்டு, பழைய ஈயத்தை உறிஞ்ச ஒரு பம்ப், ஒரு மல்டிமீட்டர். இன்றைய முனைகளில் செம்பின் மேல் இரும்புப் பூச்சு இருக்கும். அரம் போட்டால் முனை வீண். ஈரப் பஞ்சில் துடைத்து, கொஞ்சம் ஈயம் பூசி வை.

ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுச் சாப்பிடு, காரீயம் விளையாட்டல்ல. பிளக்கைப் பிடுங்காமல் எதையும் திறக்காதே. மைக்ரோவேவ் அடுப்பையும் பழைய பெட்டி டிவியையும், பிளக்கைப் பிடுங்கியிருந்தாலும் தொடாதே. உள்ளே தங்கியிருக்கும் மின்சாரம் ஆளையே கொல்லும்.

முதலில் ஒரு பாழான போர்டில் இருபது இணைப்பாவது எடுத்து ஒட்டிப் பழகு. பிறகு ரிமோட்டைத் திற.