செவி மென்சவ்வுகள் (நுண்ணுடற்கூற்றியல்)

மனிதச் செவியில் ஒலியதிர்வைக் கடத்தும், பாய்மங்களைப் பிரிக்கும் மெல்லிய இழையத் தகடுகள். செவிப்பறை, ரெயிஸ்னர் மென்சவ்வு, அடித்தள மென்சவ்வு, மூடு மென்சவ்வு என்பன முதன்மையானவை.

செவிப்பறையில் வெளியே தோலும் நடுவே ஆரை நார்களும் வட்ட நார்களும் உள்ளே சீதப்படையும் அமைந்துள்ளன. மூன்று படைகள் இருந்தும் தடிப்பு ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றரே. மேற்புறத்துத் தளர்ந்த பகுதியை ஷ்ராப்னெல் 1832இல் விவரித்தார். கடலில் 10 மீற்றர் ஆழம் மூழ்குபவரின் செவிப்பறைமீது அமுக்கம் ஏறத்தாழ இரு மடங்காகும்; நடுச்செவி ஈடுகொடுக்காவிட்டால் பறை கிழியவும் கூடும்.

உட்செவி மென்சவ்வுகள் துலங்கியது 1851இலேயே. அவ்வாண்டு டோர்பாட்டில் (இன்றைய எஸ்தோனியாவின் தார்த்து) எர்ன்ஸ்ட் ரெயிஸ்னர் தம் பெயர் பெற்ற மென்சவ்வைக் குறித்தார். அது இரண்டே கலப் படைகளால் ஆனது. ஆயினும் வேதியியல்பில் வேறுபட்ட இரு பாய்மங்களைக் கலக்கவிடாது காக்கிறது. அதே ஆண்டில், வூர்ஸ்புர்க்கில் கோலிக்கரின் ஆய்வகத்தில் பணிசெய்த இத்தாலியர் அல்போன்சோ கோர்ட்டி, மயிர்க்கலங்களையும் அவற்றின்மேல் கவிந்த மூடு மென்சவ்வையும் பிரெஞ்சு மொழிக் கட்டுரையில் விவரித்தார். கொச்சினீல் பூச்சியிலிருந்து எடுக்கும் செந்நிறக் கார்மைனை இழையங்களுக்கு ஊட்டிப் பார்த்தார். விலங்கிழையத்துக்கு இச்சாயத்தைப் பயன்படுத்தியதில் முதன்மை அவருக்கா கெர்லாக்குக்கா என்பதில் ஒருமித்த கருத்தில்லை. கோர்ட்டி விரைவில் ஆய்விலிருந்து விலகினார். மயிர்க்கலங்கள் அமைந்த அந்தக் கேள்வி உறுப்புக்கு அவர் பெயரைச் சூட்டியவர் கோலிக்கர்.

1863இல் ஹென்சன் அடித்தள மென்சவ்வை அளந்தார். உட்செவியின் சுருண்ட குழலான நத்தைச்சுருள் உச்சி நோக்கி ஒடுங்க, ஏறத்தாழ 35 மில்லிமீற்றர் நீளமான இம்மென்சவ்வோ எதிர்மாறாக அகன்றுகொண்டே போகிறது. இந்த அழகிய முரணே, ஒவ்வொரு சுருதிக்கும் மென்சவ்வின் ஓரிடம் ஒத்ததிரும் என்ற ஹெல்ம்ஹோல்ட்சின் ஒத்ததிர்வுக் கொள்கைக்குத் துணையாயிற்று. 1884இல் ரெட்சியுஸ் வெளியிட்ட வரைபடங்கள் இன்றும் வியப்பூட்டுபவை.

தமிழில் உடற்கூற்றியல் கற்பித்தல் இதே காலத்தது. கோர்ட்டி பிறந்த 1822இலேயே பிறந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மாணவரைப் பயிற்றினார். 1858இல் லண்டனில் வெளியான கிரேயின் உடற்கூற்று நூல், 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' எனத் தமிழாயிற்று.

இருபதாம் நூற்றாண்டில் பேக்கேசி, இறந்தோரின் நத்தைச்சுருளைத் திறந்து, ரெயிஸ்னர் மென்சவ்வில் வெள்ளித் துகள் தூவி, நகரும் அலையைக் கண்டார் (நோபல் பரிசு, 1961). ஆனால் உயிருள்ள செவியில் அலை இன்னும் கூர்மையானதெனப் பிற்கால அளவீடுகள் காட்டின.

மூடு மென்சவ்வு பதப்படுத்தும்போது சுருங்கிவிடும். ஆகவே அது உட்புற மயிர்க்கலங்களைத் தொடுகிறதா என்பது விவாதத்துக்குரியது. வெளிப்புற மயிர்க்கலங்களின் மிக நீண்ட மயிர்கள் அதில் பதிந்திருப்பது பொதுவாக ஏற்கப்படுகிறது. அதன் புரதங்களுள் ஒன்றான ஆல்ஃபா டெக்டோரினின் மரபணுப் பிறழ்வு பரம்பரைச் செவிட்டுத்தன்மைக்குக் காரணமாவதாக 1998இல் அறியப்பட்டது.