ஜேன் மனிங் ஜேம்ஸ்: பதிவேட்டில் ஒரு வேலைக்காரி

தங்கட பரம்பரையைத் தேடிப் போகிற பலர் ஒரு கட்டத்தில் மோர்மன்கள் சேர்த்துவைத்த பதிவுகளிடம் வந்து நிற்பார்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தை மையமாகக் கொண்ட இந்தத் திருச்சபை, பல நாடுகளின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளைத் திரட்டி வைத்திருக்கிறது. காரணம் அவர்களுடைய நம்பிக்கை. ஆலயத்தில் 'முத்திரையிடப்பட்ட' குடும்பம் மரணத்துக்குப் பிறகும் பிரியாது. மூதாதையரின் பெயர் தெரிந்தால் அவர்களையும் அந்தச் சங்கிலியில் கோர்க்கலாம்.

அந்தச் சங்கிலியில் தனக்கும் ஓர் இடம் கேட்டு, இருபது வருடத்துக்கு மேலாக மன்றாடிய பெண்தான் ஜேன் மனிங் ஜேம்ஸ்.

ஜேன் கனெக்டிகட் மாநிலத்து வில்டனில் பிறந்த கறுப்பினப் பெண். தாய் பிலிஸ் ஒருகாலத்தில் அடிமை. ஜேன் பிறக்கும்போதே சுதந்திரமானவர். ஆனாலும் சின்ன வயதிலேயே ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தில் வேலைக்குப் போகவேண்டியிருந்தது. அவர் பிறந்த வருடத்தில்கூட ஆவணங்கள் ஒத்துப்போவதில்லை. வேலைக்காரப் பிள்ளையின் பிறந்தநாளை ஆர் குறித்துவைப்பார்கள்?

மோர்மனாக மாறியபிறகு, 1843 இல், தாய், சகோதரங்கள், சின்ன மகன் என்று குடும்பத்தையே கூட்டிக்கொண்டு இலினோய் மாநிலத்து நாவூ நகருக்கு வெளிக்கிட்டார். பஃபலோவில் கறுப்பர்கள் என்பதால் படகில் ஏற்றவில்லை. சரி, நடப்பம் எண்டு நடந்தார்கள். கிட்டத்தட்ட 800 மைல்! சப்பாத்துத் தேய்ந்து, கால் வெடித்து, மண்ணில் இரத்த அடையாளம் விழுந்தது. வழியில் 'விடுதலைப் பத்திரம் எங்கே?' என்று மறித்தார்கள். அடிமையாகவே இருக்காதவர்களிடம் அந்தப் பத்திரம் எப்படி இருக்கும்?

நாவூவில் திருச்சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித்தின் வீட்டில் ஜேன் வேலை செய்தார். ஸ்மித்தின் மனைவி எம்மா, தங்களுடைய பிள்ளையாகச் சேர விருப்பமா என்று அவரிடம் கேட்டார். அதன் அர்த்தம் விளங்காமல் ஜேன் மறுத்துவிட்டார். 1844 இல் ஸ்மித் கொல்லப்பட்டார்.

1847 இல் கணவர் ஐசக், பிள்ளைகளோடு ஜேன் சோல்ட் லேக் பள்ளத்தாக்கை அடைந்தார். முதல் வருடங்களில் அங்கே பஞ்சம். எலைசா லைமன் என்ற வெள்ளைக்காரப் பெண்ணின் வீட்டில் சாப்பாடு இல்லாதபோது ஜேன் இரண்டு இறாத்தல் மா கொடுத்தார். அது அவரிடம் இருந்ததில் பாதி. எலைசாவின் நாட்குறிப்பில் இது பதிவாகியிருக்கிறது.

1852 இல் தலைவர் பிரிகாம் யங், கறுப்பின ஆண்களுக்குக் குருத்துவம் இல்லை என்று வெளிப்படையாக அறிவித்தார். கறுப்பினப் பெண்களுக்கும் ஆலயத்தின் உயர்ந்த சடங்குகள் மறுக்கப்பட்டன. இறந்துபோன உறவினர்களுக்காக ஞானஸ்நானம் பெற மட்டும் ஜேனுக்கு அனுமதி கிடைத்தது. 1884 இல் தலைவர் ஜோன் டெய்லருக்குக் கடிதம் கொடுத்தார். பிறகு வந்த தலைவர்களிடமும் கேட்டார். எம்மா சொன்னபடி ஸ்மித்தின் பிள்ளையாகத் தன்னைச் சேர்க்கச் சொல்லியும் கேட்டார்.

1894 மே மாதம் பதில் கிடைத்தது. அவரை ஜோசப் ஸ்மித்தோடு முத்திரையிட்டார்கள். எப்படி? நித்தியத்துக்கும் 'வேலைக்காரி' ஆக! அந்தச் சடங்குக்கும் அவரை உள்ளே விடவில்லை. அவருக்குப் பதிலாக ஸைனா யங் என்ற வெள்ளைக்காரப் பெண் நின்றார்.

இதில் கவனிக்கவேண்டிய விசயம் ஒன்று இருக்கு. அதற்கு முதல் மாதம்தான், ஒவ்வொருவரும் சொந்தப் பெற்றோரோடும் மூதாதையரோடும் முத்திரையிடப்படவேண்டும் என்று திருச்சபை அறிவித்திருந்தது. அதே வருடம் நவம்பரில் அதன் வம்சாவளிச் சங்கமும் தொடங்கியது. இன்றைய பெரிய பதிவுத் திரட்டின் வேர் அதுதான். அப்ப, குடும்பங்களைத் தேடித் தேடிக் கோர்க்கத் தொடங்கிய அதே வருடத்தில்தான் ஜேனின் பெயருக்குப் பக்கத்தில் வேலைக்காரி என்று எழுதினார்கள்.

ஜேன் அதோடு அடங்கவில்லை. பிறகும் கேட்டார். 1908 இல் காலமானார். தடை 1978 இல்தான் நீங்கியது. அவருக்கு மறுக்கப்பட்ட சடங்கை 1979 இல் வேறொருவர் அவர் பெயரில் செய்தார்.

முதுமையில் ஜேன் தன் கதையைச் சொல்லி எழுதுவித்திருந்தார். ஆலயப் பதிவில் அவர் ஆருக்கு வேலைக்காரி என்று இருக்கிறது. அவர் சொன்ன கதையில் ஆருடைய மகள், ஆருடைய தாய், ஆரோடு நடந்தவர் என்று இருக்கிறது. குடும்ப வரலாறு எழுத நினைக்கிற ஆக்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசிக்கவேணும். பதிவேட்டில் ஒரு பெயருக்குப் பக்கத்தில் ஒரு சொல் இருந்தால், அதை எழுதினது ஆர் எண்டும் கேட்கவேணும்.