இரும்புக்கை மாயாவியை எழுதியது யார்?



நமது பிள்ளைகளிடம் ஸ்பைடர்மேன் யார் என்று கேட்டால் புத்தகப்பையிலேயே படத்தைக் காட்டுவார்கள். இரும்புக்கை மாயாவி யார் என்று கேட்டால் தெரியாது. ஆனால் அவர்களின் வாப்பாமாரிடம் கேட்டுப் பாருங்கள், முகம் மலரும்.

உண்மையில் இரண்டு பேரும் ஒரே வயதுக்காரர்கள். ஸ்பைடர்மேன் அமெரிக்காவில் முதலில் வந்தது 1962 ஓகஸ்ட் மாத இதழொன்றில். அதே ஆண்டு ஒக்டோபரில் இலண்டனில் 'வேலியண்ட்' என்ற சிறுவர் வார இதழ் தொடங்கியது. அதன் முதலாவது இதழிலேயே மாயாவி வந்துவிட்டார்.

கதை பலருக்கு ஞாபகம் இருக்கும். ஆய்வுகூட விபத்தில் வலது கையை இழந்த லூயிஸ் கிராண்டேலுக்கு இரும்புக் கை பொருத்துகிறார்கள். இன்னொரு விபத்தில் உயர் அழுத்த மின்சாரம் பாய்கிறது. உடல் மறைந்துவிடுகிறது, இரும்புக் கை மட்டும் தெரிகிறது. பலரும் மறந்த விடயம் ஒன்று உண்டு: ஆரம்பக் கதையில் அவர் நல்லவர் அல்ல. கிடைத்த சக்தியைக் குற்றம் செய்யத்தான் பயன்படுத்தினார். பிறகுதான் திருந்தி, நிழல் படை என்ற இரகசிய அமைப்பின் உளவாளியானார்.

இவரைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் சிவகாசி சௌந்தரபாண்டியன். 1972இல் அவர் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் வெளியீடே 'இரும்புக்கை மாயாவி'தான். 1984இல் அவருடைய மகன் விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். அதே ஆண்டு ராணி காமிக்ஸும் வந்தது.

நமது நாட்டில் 1970களின் முற்பகுதியில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்தது. 1977க்குப் பிறகு திறந்த பொருளாதாரத்தோடு நிலைமை மாறியது. நம்ம பக்கத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டவரை, ஒரு புத்தகம் பத்து வீடு சுற்றுமாம். திரும்பி வரும்போது அட்டை இருக்காதாம். கணிதப் புத்தகத்துக்குள் வைத்து வாசித்து அடி வாங்கியவர்களும் உண்டு.

ஆனால் மாயாவியை உருவாக்கியவர்களின் பெயர் அந்த வாசகர்களுக்குத் தெரியாது. இங்கிலாந்துப் பிள்ளைகளுக்கும் தெரியாது. அந்தக் கால பிரித்தானிய வார இதழ்கள் எழுதியவர், வரைந்தவர் பெயர்களைப் பொதுவாக அச்சிடுவதில்லை. மாயாவியின் ஆரம்பக் கதைகளை எழுதியவர் கென் பல்மர் என்ற விஞ்ஞானக் கதை எழுத்தாளர். பிறகு டொம் டுலி எழுதினார். அந்த அழகான கறுப்பு வெள்ளைப் படங்களை வரைந்தவர் ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனாவைச் சேர்ந்த ஹெசூஸ் பிளாஸ்கோ.

லயன் காமிக்ஸில் வந்த 'ஸ்பைடர்' கதை இன்னும் ஆச்சரியமானது. இவர் ஸ்பைடர்மேன் அல்ல, குற்ற உலகின் சக்கரவர்த்தியாக ஆசைப்பட்டுப் பின்னர் திருந்தியவர். 1965இல் டெட் கோவன் தொடங்கிய இந்தத் தொடரை அடுத்து எழுதியவர் ஜெரி சீகல். ஜோ ஷஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனை உருவாக்கிய அதே சீகல்! 1938இல் இருவரும் சூப்பர்மேனின் உரிமையை 130 டொலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பின்னர் வழக்குப் போட்டும் அந்த உரிமை திரும்பக் கிடைக்கவில்லை. சூப்பர்மேன் உலகம் முழுக்கச் சம்பாதித்துக்கொண்டிருந்தபோது, சீகல் இலண்டன் வார இதழுக்குப் பெயரில்லாமல் ஸ்பைடரை எழுதினார். 1975இல்தான், பொதுமக்களின் ஆதரவும் திரண்ட பிறகு, அவருக்கும் ஷஸ்டருக்கும் ஆயுள்கால உதவித்தொகையும் சூப்பர்மேன் கதைகளில் பெயரும் கிடைத்தன.

ஸ்பைடர் வந்த வார இதழ் 1974இலும், மாயாவி வந்த வேலியண்ட் 1976இலும் வேறு இதழ்களோடு இணைக்கப்பட்டு மறைந்தன. பிறந்த நாட்டில் பெரும்பாலானோர் இவர்களை மறந்தார்கள். தமிழில் அப்படி நடக்கவில்லை. வாசகர்கள் கேட்டுக் கேட்டு மறுபதிப்புகள் வந்துகொண்டே இருந்தன. 2018இல் ரெபெலியன் என்ற பிரித்தானிய நிறுவனம் அந்தப் பழைய கதைகளின் உரிமையை வாங்கியது. 2021இல் மாயாவியும் ஸ்பைடரும் அங்கே மீண்டும் புத்தகமாக வந்தார்கள். சிவகாசிக்கும் நமக்கும் அவர்கள் புதியவர்களே அல்ல.

நம்மிடம் இருந்த பிரதிகள் எங்கே? இடப்பெயர்வில் சில விடுபட்டன. 2004 சுனாமியில் கரையோர வீடுகளோடு சில போயின. மிச்சம் பழைய பேப்பரோடு நிறுத்து விற்கப்பட்டது. இருந்தாலும் ஏதாவது ஒரு வீட்டுப் பரணில், தகரப் பெட்டியில் சில இருக்கக்கூடும்.

அடுத்த தடவை வீடு துப்புரவு செய்யும்போது ஒருமுறை பாருங்கள். கிடைத்தால் விற்றுவிடாதீர்கள். எந்த ஆண்டு, எந்தக் கடையில் வாங்கினீர்கள், யார் யாரெல்லாம் வாசித்தார்கள் என்று ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். கதையை எழுதியவரின் பெயர் தெரிந்தால் அதையும் எழுதுங்கள். பிறகு உங்கள் பிள்ளையிடம் கொடுங்கள். இந்த முறை கணிதப் புத்தகத்துக்குள் ஒளிக்காமல் வாசிக்கட்டும்.