பதில் வராத ஒரு கடிதம்

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

1909ஆம் ஆண்டு நியூயோர்க் நகரில் ட்ரையாங்கிள் என்றொரு சட்டைக் கம்பனி இருந்தது. பத்து மாடிக் கட்டடத்தின் மேல் மூன்று மாடிகளும் அவர்களுடையவை. வேலை செய்தவர்களில் பெரும்பாலானோர் யூத, இத்தாலியக் குடும்பங்களிலிருந்து வந்து குடியேறிய இளம் பெண்கள். காப்புறுதிக்காரர்களின் சார்பில் மக்கியோன் என்ற தீத்தடுப்பு நிபுணர் அங்கே பார்வையிட வந்தார். ஒன்பதாம் மாடியில் இத்தனை பேர் நெருக்கமாக இருப்பதையும் படிக்கட்டுக் கதவு வழமையாகப் பூட்டியிருப்பதையும் அவர் கவனித்தார். தீப் பயிற்சி அவசியம் என்று சொல்லி, அதைப் பழக்கக்கூடிய போர்ட்டர் என்ற பொறியியலாளரையும் சிபாரிசு செய்தார். போர்ட்டர் முதலாளிமாருக்குக் கடிதம் எழுதினார்.

அதற்குப் பதிலே வரவில்லை.

1911 மார்ச் 25, சனிக்கிழமை பின்னேரம், வேலை முடியும் நேரம். எட்டாம் மாடியில் வெட்டுத்துணிக் குவியலில் தீப்பிடித்தது. பத்தாம் மாடியில் இருந்த முதலாளிமாருக்குத் தொலைபேசியில் தகவல் போனது. ஒன்பதாம் மாடிக்கு யாரும் சொல்லவில்லை. மக்கியோன் கண்ட அந்தக் கதவு அன்றும் பூட்டித்தான் இருந்தது. பிள்ளைகள் துணி திருடிக்கொண்டு போய்விடுவார்களாம், அதற்காகத்தான் பூட்டு! தீயணைப்புப் படையின் ஏணி ஆறாம் மாடிக்கு மேல் எட்டவில்லை. 146 பேர் இறந்தார்கள். பலர் யன்னலால் குதித்தவர்கள்.

நிபுணர் தன் வேலையைச் சரியாகவே செய்திருந்தார். ஆனால் அவர் சொன்னதைக் கேட்காவிட்டால் யாருக்கு நட்டம்? முதலாளிக்குக் காப்புறுதிப் பணம் வரும். தரகருக்கோ கட்டுப்பணத்தில் ஒரு பங்கு தரகுக்கூலி. கட்டடம் பாதுகாப்பாகிக் கட்டுப்பணம் குறைந்தால் அவருடைய வருமானமும் குறையும். உள்ளே தைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அப்படியொரு கடிதம் வந்ததே தெரியாது.

அதே அமெரிக்காவில் வேறு விதமாகவும் நடந்திருக்கிறது. ரோட் ஐலண்டில் சக்கரியா அலன் என்ற ஆலை முதலாளி செலவு செய்து தன் ஆலையைத் தீப்பிடிக்காதவாறு திருத்தினார். கட்டுப்பணத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்டபோது காப்புறுதிக் கம்பனி மறுத்துவிட்டது. 1835இல் அவர் மற்ற ஆலைக்காரர்களையும் சேர்த்துத் தாங்களே ஒரு பரஸ்பரக் காப்புறுதியைத் தொடங்கினார். ஒருவருடைய ஆலை எரிந்தால் எல்லோருக்கும் நட்டம். ஆகவே பரிசோதகர் சொன்னதை யாரும் மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டவில்லை.

ட்ரையாங்கிள் முதலாளிமார் இருவரையும் நீதிமன்றம் விடுதலை செய்தது. 1913இல் அவர்களில் ஒருவர் மறுபடியும் கதவைப் பூட்டி வைத்துப் பிடிபட்டார். தண்டம் 20 டொலர்! ஆனால் மாநில அரசு அமைத்த விசாரணை ஆணைக்குழுவின் பயனாகத் தீப் பயிற்சி, கதவுகள், வெளியேறும் வழிகள் எல்லாம் சட்டமாயின. அதுவரை அறிவுரையாக இருந்ததை மீறினால் அதன்பின் குற்றம்.

நூறு வருடம் கழித்து, 2012 ஓகஸ்ட்டில், கராச்சியின் அலி என்டர்பிரைசஸ் ஆடைத் தொழிற்சாலைக்கு இத்தாலியின் ரினா நிறுவனம் எஸ்ஏ 8000 சான்றிதழ் வழங்கியது. செப்டெம்பர் 11இல் அங்கே 250க்கும் மேற்பட்டோர் தீயில் இறந்தார்கள். அது கப்பம் கேட்டு வைக்கப்பட்ட தீ என்று 2020இல் பாகிஸ்தான் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சரி, தீயை யார் வைத்திருந்தாலும் யன்னல் கம்பிகளும் பூட்டிய வாசல்களும் முன்பே அங்கு இருந்தவைதானே? ட்ரையாங்கிளுக்கு வந்தவர் கதவைப் பார்த்துச் சொன்னார். இங்கே அதுவும் நடக்கவில்லை.

2013இல் பங்களாதேஷில் ராணா பிளாசா இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகுதான், ஆடை வாங்கும் வெளிநாட்டுக் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பொறியியலாளர்கள் சுமார் 1,600 தொழிற்சாலைகளைப் பார்த்தார்கள். அறிக்கைகளை யாரும் வாசிக்கலாம். திருத்த மறுத்த தொழிற்சாலைக்கு ஓடர் இல்லை. பூட்டு வைத்த கேட்டுகள் கழற்றப்பட்டன. பாகிஸ்தானுக்கு அந்த ஒப்பந்தம் போய்ச் சேர்ந்தது 2023இல்.

நம் ஊர்ப் பிள்ளைகளும் காமன்ட் வேலைக்குப் போகிறார்கள். வெளியிலிருந்து ஆட்கள் வந்து செக் பண்ணியதாகச் சொன்னால், அவர்கள் என்ன எழுதிவிட்டுப் போனார்கள், அதை வேலை செய்பவர்களுக்குக் காட்டினார்களா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.